ராணியின் செருப்புக் காசு: பெலேம் கரையும் புன்னைக்காயலும்

லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பெலேமைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நகரத்தின் நடுவிலிருந்து மேற்கே 6 கிலோமீட்டர் அளவில், தேஜோ ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் அகன்று கிடக்கும் கரை அது. 15ஆம் எண் டிராமில் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும். 2023இல் சிறு மீனவர்களின் கடற்கரை உரிமை பற்றிய ஒரு கூட்டத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். மூன்று நாள் பேச்சு முடிந்து, நான்காம் நாள் நானும் அந்த டிராமில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். உட்கார இடமில்லை, அத்தனை கூட்டம்.

எனக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி. அம்மாவுக்குப் புன்னைக்காயல். எங்கள் குடும்பப் பெயர் போர்த்துகீசியப் பெயர். டிராமிலிருந்து வெளியே பார்த்தால் வக்கீல் போர்டில் ஒரு மச்சாது, பேக்கரிப் போர்டில் ஒரு கர்வாலோ, மருந்துக் கடையில் ஒரு மிராந்தா. எல்லாம் எங்கள் தெருப் பெயர்கள். இங்கே வலை பொத்துகிறவனுக்கும் அங்கே வக்கீலுக்கும் ஒரே பெயர். முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. அவர்களுக்கு அது அப்பன் வீட்டுப் பெயர். எங்களுக்கு அது, ஞானஸ்நானத்தின்போது பக்கத்தில் நின்ற எவனோ ஒரு சிப்பாயோ கப்பல்காரனோ கொடுத்துவிட்டுப் போன பெயர். அதற்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இது பயணக் கட்டுரை இல்லை. ஓர் ஆற்றங்கரையை ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி’யாக எப்படி உற்பத்தி செய்கிறார்கள் என்பதை, கண்ணால் பார்த்ததை வைத்து விளக்கிப் பார்க்கிறேன். ‘உற்பத்தி’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். பழமை தானாக நிற்பதில்லை, நிறுத்தப்படுகிறது. முத்துக்குளித்துறையிலும் பாரம்பரியம், சுற்றுலா என்று பேசுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். அதனால்தான் இதை இப்போது பேச வேண்டியிருக்கிறது.

பெலேமில் முதலில் கண்ணில் படுவது ஜெரோனிமோஸ் மடம். வாஸ்கோ ட காமா 1497 ஜூலை 8ஆம் தேதி இந்தக் கரையிலிருந்துதான் கிளம்பினார். திரும்பி வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டின் முதல் வருஷங்களில், மன்னர் மனுவேல் இந்த மடத்தைக் கட்ட ஆரம்பித்தார். முடிய ஏறத்தாழ நூறு வருஷம் ஆயிற்று. வெள்ளைச் சுண்ணாம்புக் கல். தூண்களில் கப்பல் கயிறு முறுக்கியது மாதிரிச் செதுக்கல், நடுநடுவே கடல் செடிகள், சிப்பிகள். அழகாக இல்லை என்று சொன்னால் பொய். பத்து நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

கட்ட எங்கிருந்து பணம்? அதை மறைக்கவில்லை, வழிகாட்டிப் புத்தகங்களிலேயே போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளின் மேல் 5 சதவீத வரி. ‘மிளகின் இருபதில் ஒன்று’ என்று அதற்குப் பெயர். படிக்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். மிளகு என்றால் ஏதோ மரத்திலிருந்து உதிர்ந்து, தானே நடந்துபோய்க் கப்பலில் ஏறிக்கொண்டது போல. பறித்தவன், காயவைத்தவள், சுமந்தவன், பீரங்கிக்குப் பயந்து விலை குறைத்தவன் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை. பண்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆளைச் சொல்ல வேண்டியதில்லை என்பது பாரம்பரியச் சொல்லாடலின் முதல் உத்தி.

கோயிலுக்குள் காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயின்சின் கல்லறையும் வாசல் பக்கத்தில் இருக்கின்றன. படம் பிடிக்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் பார்க்க வந்தது உள்ளே, பீடத்துக்குப் பக்கத்தில். மனுவேல், அவர் மகன் மூன்றாம் ஜுவாவ், இவர்களுடைய ராணிகள் ஆகியோரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு கல்லறையையும் சலவைக்கல் யானைகள் முதுகில் தாங்கி நிற்கின்றன. அந்தப் பகுதியை 1570களின் தொடக்கத்தில் திருத்திக் கட்டச் சொன்னவர் மூன்றாம் ஜுவாவின் ராணி கத்தரீனாதான். அவரும் அங்கேயே யானை மேல் படுத்திருக்கிறார்.

இந்த ராணிக்கும் எங்கள் கடற்கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்ல முத்துக்குளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் கடலுக்கடியில் பாறையாகவும் மேடாகவும் உள்ள இடங்களுக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தோலாயிரம் பார் அவற்றில் பேர்போனது. சிப்பி அங்கேதான் ஒட்டி வளரும். வருஷா வருஷம் வளராது. சில சமயம் பத்து, இருபது வருஷம்கூட ஒன்றுமில்லாமல் போகும். சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று சோதித்துப் பார்த்து அரசு தேதி குறித்தால் அதுதான் சலாபம். தோணிகள் ராத்திரியே கிளம்பும். குளிக்கிறவன் ஒரு கல்லின் பாரத்தில் இறங்குவான். ஐந்து பாகம், பத்து பாகம் ஆழம். ஒரு மூச்சு, ஒரு நிமிஷமோ கொஞ்சம் கூடவோ. அதற்குள் அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருக்கிறவன் தூக்குவான். கயிறு பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலி அவன் கையில்தானே. சுறாவை மந்திரத்தால் கட்ட ஒரு கடற்கட்டியும் உண்டு. கரைக்கு வந்ததும் சிப்பியைப் பங்கு வைப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. சர்க்கார் பங்கை, திறக்காமலே, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். வாங்கினவன் அதை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவான்.

‘ஏலம்’ போர்த்துகீசியச் சொல். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, குசினி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். மற்றவை வீட்டுச் சாமான், போகட்டும். கடலிலிருந்து எடுத்ததை விற்கிற காரியத்துக்கான சொல்லே அவனுடையது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கும் மீன் ஏலக் கூடத்தில் அதே சொல்லைத்தான் கத்துகிறோம்.

1530களில் முத்துத்துறைக் குத்தகையும் வியாபாரமும் யார் கையில் என்பதில் பரதவருக்கும் காயல் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் சண்டை முற்றியது. அந்த நேரத்தில் ஜுவாவ் ட குருஸ் என்ற குதிரை வியாபாரி ஒரு யோசனை சொன்னார். இவர் கோழிக்கோட்டுக்காரர். சாமூதிரி 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பிய ஆள், அங்கேயே கிறிஸ்தவராகித் திரும்பியவர். ‘போர்த்துகீசியரிடம் போங்கள், அவர்கள் மதத்தில் சேருங்கள், காப்பாற்றுவார்கள்’ என்பது யோசனை. பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். 1535க்கும் 1537க்கும் நடுவில் கடற்கரை முழுக்க, சுமார் 20,000 பேர், ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் நடந்த கடல் சண்டையோடு மரக்காயர் பலம் இந்தக் கடலில் ஒடிந்தது. இந்தக் கதையை எங்கள் வீடுகளில் ‘மீட்பு’ என்றே சொல்லி வளர்த்தார்கள். காயல்பட்டினத்து வீடுகளில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். இரண்டு கடலோடிச் சமூகங்களை மோதவிட்டு மூன்றாமவன் துறையைப் பிடித்த கதை என்று இதை வாசிக்க இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

காப்பாற்றுவதற்குக் கூலி உண்டு. பரதவர் ஆண்டுதோறும் போர்த்துகீசிய அரசுக்குக் கப்பம் கட்டினார்கள். அதில் வருஷத்துக்கு 4,000 பணம் ராணி கத்தரீனாவின் பங்கு. அந்தத் தலைப்புக்குப் பெயரே ‘ராணியின் செருப்புக் காசு’. அரண்மனைப் பெண்களின் சொந்தச் செலவுக்கு இப்படி ஒரு பெயரில் ஒதுக்குவது அந்த நாட்டு வழக்கம். மூச்சடக்கிக் கடலடியில் கிடந்தவன் சம்பாத்தியத்தில் ஒரு பங்குக்குச் செருப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கற்பனையில் இப்படி எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தக் காசை இங்கேயே விட்டுவிடச் சொல்லி ராணிக்கு எழுதினார். முத்துக்குளித்துறைக் குழந்தைகளைவிட நல்ல செருப்பு சொர்க்கத்துக்கு ஏறக் கிடைக்காது என்ற பொருளில் எழுதினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ராணி சம்மதித்தார். அந்தக் காசு, ஊர் ஊராக ஜெபம் சொல்லிக் கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாயிற்று. பிரசங்கங்களில் இதை ராணியின் தர்மம் என்று சொல்வார்கள். நிதானமாகப் பாருங்கள்: கப்பம் ரத்தாகவில்லை. செலவுத் தலைப்புத்தான் மாறியது. எங்கள் பணத்தில் எங்களுக்குப் பாடம் சொல்ல ஆள் போட்டு, அதற்கு எங்களையே நன்றி சொல்ல வைத்தார்கள். சவேரியார் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. படைவீரர்களின் கொள்ளையைக் கண்டித்துக் கடிதம் கடிதமாக எழுதியவர் அவர். ஆனால் நல்லெண்ணமும் அதிகாரத்தின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேதான் வேலை செய்தது.

கல்யானைக்கு முன்னால் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா சிலுவை போட்டுக்கொண்டு போனார். அந்த இடத்தில் முத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெளியே வந்தால் பெரிய சதுக்கம். ‘பேரரசுச் சதுக்கம்’ என்றே பெயர். செதுக்கிய புல்வெளி, நடுவில் நீரூற்று. அதைத் தாண்டி ரயில் பாதை, அதற்கடியில் நடைபாதைச் சுரங்கம், ஏறினால் ஆறு. பார்க்கிறவருக்கு இதெல்லாம் மனுவேல் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். இல்லை. இந்தக் காட்சிக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

1940 ஜூன் 23இல் சலாசாரின் சர்வாதிகார அரசு இங்கே ‘போர்த்துகீசிய உலகக் கண்காட்சி’யைத் திறந்தது. பாரிஸ் ஹிட்லரிடம் விழுந்து ஒன்பதாவது நாள். அகதிகள் லிஸ்பனுக்குள் வந்து கொட்டிக்கொண்டிருந்தபோது இங்கே பேரரசின் பெருமை டிசம்பர் வரைக்கும் நடந்தது. கண்காட்சிக்கு இடம் வேண்டுமே. பெலேமின் பழைய வீடுகளில் ஒரு பகுதியை இடித்துத்தான் இந்தச் சதுக்கம் வந்தது. ஆற்றங்கரையில் நிஜமாகக் குடியிருந்தவர்களின் வீடு போய், ஆற்றங்கரையின் ‘வரலாறு’ வந்தது. பக்கத்திலுள்ள காலனித் தோட்டத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்றக் காலனிகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து, மாதிரிக் குடிசைகள் போட்டு, அதில் உட்காரவைத்துப் பார்வைக்கு வைத்தார்கள். மனிதர்களைத்தான். தோட்டம் இன்றும் இருக்கிறது, செடிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன.

ஆற்றோரம் நிற்கும் கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னமும் அந்தக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகச் செய்ததுதான். பிறகு 1960இல் கான்கிரீட்டில் நிரந்தரமாக்கினார்கள். 50 மீட்டருக்கு மேல் உயரம், கப்பல் முகப்பு வடிவம், நுனியில் இளவரசர் ஹென்றி. பின்னால் வரிசையாக மாலுமி, படைத்தலைவன், வரைபடக்காரன், பாதிரி, மன்னன். மொத்தம் முப்பத்துச் சொச்சம் உருவங்களில் பெண் ஒருத்தி மட்டும். அவளும் இளவரசரின் தாய். சவேரியார் அதில் இருக்கிறார். தரையில் 50 மீட்டர் அகலத்துக்குப் பளிங்கில் ஒரு திசைகாட்டி. அதன் நடுவில் உலகப் படம், எந்த வருஷம் எந்தக் கரையை ‘அடைந்தார்கள்’ என்ற குறிப்போடு. பிள்ளைகள் அதன் மேல் ஓடி விளையாடுகின்றன. அந்தத் திசைகாட்டி தென்னாப்பிரிக்காவின் நன்கொடை. நிறவெறி அரசின் தென்னாப்பிரிக்கா. ஷார்ப்வில்லில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும் இதே 1960இல்தான். 2021இல் யாரோ இரவில் இந்தச் சின்னத்தின் மேல் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். உடனே கழுவிவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து, 1961 டிசம்பரில், கோவா அவர்கள் கையைவிட்டுப் போனது. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்ததும் அதே 1961தான். தற்செயல்தான், இதிலிருந்து தத்துவம் எதையும் பிழியப் போவதில்லை. ஆனால் பேரரசு முடியப்போகிற நேரத்தில்தான் அதற்குக் கான்கிரீட் தேவைப்பட்டது என்பது தற்செயல் இல்லை. 1974 ஏப்ரல் புரட்சி சர்வாதிகாரத்தைத் தூக்கி எறிந்தது, மேடையை யாரும் கலைக்கவில்லை. 1983இல் மடமும் ஆற்றோரக் கோபுரமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 1985இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேரும் ஒப்பந்தத்தில் போர்த்துகல் கையெழுத்திட்டது இந்த மடத்தில். 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தமும் இங்கேயேதான். மேடை அப்படியே இருக்க, மேலே நடக்கிற நாடகம் மாறிக்கொண்டே போகிறது. சதுக்கத்துச் செடிகளில் வளர்த்திருந்த பழைய காலனிச் சின்னங்களை எடுப்பதா வைப்பதா என்று பல வருஷம் வாதாடினார்கள். அந்த அளவுக்காவது அங்கே கேள்வி எழுந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கோபுரத்தில் ஒரு மூலையின் அடியில் தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை ஒன்று இருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்த மிருகம், 1515 மே மாதம் இந்தக் கரையில் இறங்கியது. ஜெர்மனியில் ட்யூரர் அதைப் பார்க்காமலே வரைந்து உலகப் புகழ் பெற்றார். அடுத்த வருஷம் போப்புக்குப் பரிசாக அனுப்பியபோது இத்தாலிக் கடலில் கப்பலோடு அது மூழ்கிச் செத்தது. இந்தியாவிலிருந்து போன ஒரு மிருகத்துக்கு இறங்கிய தேதி, செத்த வருஷம், படம், சிலை எல்லாம் இருக்கிறது. அதே கடல்வழியில் போன மனிதர்களுக்கு?

மூன்று பேருக்கு மட்டும் பெயர் இருக்கிறது. அதுதான் பெலேமில் எனக்கு முக்கியமான விஷயம்.

1554 பிப்ரவரி 11ஆம் தேதி லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி முடிந்தது. ‘கார்த்தில்யா’ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஜெபங்களும் அடிப்படை உபதேசங்களும் கொண்ட பாட நூல். மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழுக்கு மேலே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம். அச்சில் ஏறிய முதல் தமிழ் இதுதான். கட்டளையிட்டவர் மன்னர் மூன்றாம் ஜுவாவ். ஆக்கியவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குருஸ் என்ற மூன்று இந்தியர். அவர்களை மேற்பார்த்தவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அந்த மூவரும் முத்துக்குளித்துறைப் பரதவர் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறார்கள். பெயர்கள் முழுக்கப் போர்த்துகீசியம், ஊர்ப் பெயரோ வீட்டுப் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எதற்காக லிஸ்பன் போனார்கள், திரும்பி வந்தார்களா, குளிரில் என்ன போர்த்திக்கொண்டார்கள், தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? புத்தகம் மட்டும் கிடக்கிறது.

அது கிடக்கிற இடம் இதே ஜெரோனிமோஸ் கட்டடத்தின் ஒரு சிறகிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகம். புதுப்பிக்கும் வேலைக்காக 2022இல் மூடியிருந்தார்கள், நான் போனபோது வெளியே சாரம் கட்டியிருந்தது. எப்படியும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பக்கம் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். கட்டளை போட்ட மன்னர் கோயிலுக்குள்ளே யானை மேல், புத்தகம் அடுத்த சிறகில், எழுதியவர்கள் எங்கேயும் இல்லை. தமிழ் உலகத்துக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லி அறியவைத்தவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர், 1950களில் ஐரோப்பிய நூலகங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர். 1967இல் பிலியோசா இதைப் புதுச்சேரியிலிருந்து ஆய்வோடு வெளியிட்டார். அதிலிருந்து எடுத்த சில பக்கங்களின் நகல் என்னிடம் இருக்கிறது.

இனி நம்ம ஆற்றுமுகத்துக்கு வருவோம்.

தாமிரபரணி ஒரு விநோதமான ஆறு. தன் துறைமுகங்களைத் தானே தூர்த்துவிட்டு முன்னால் நகர்கிற ஆறு. சங்க காலத்து முத்துத்துறையான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிறது. வண்டல் சேர்ந்து கடல் விலகியது. அடுத்து வந்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குதிரை இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்லும் ஊர், இப்போது பழையகாயல். அதுவும் தூர்ந்தது. பிறகு ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இந்த வரிசையை நமக்குத் தெளிவாக்கினார்.

பெலேமிலும் கரை விலகித்தான் இருக்கிறது. கோபுரம் முதலில் தண்ணீருக்குள் நின்றது. மடத்தின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஆற்று மணல் இருந்தது. அங்கே மனிதன் மண் கொட்டி ரயிலும் சாலையும் பூங்காவும் போட்டான், இங்கே ஆறே மண் கொட்டியது. அவர்கள் கரையை நிறுத்திவிட்டார்கள். நம்ம கரை நிற்கவில்லை.

புன்னைக்காயல்தான் முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியரின் முதல் தலைமையிடம். அவர்களுடைய கோட்டை இங்கே இருந்தது. அன்றிக்கு அன்றிக்கஸ் என்ற அண்டிரிக் பாதிரியார் இங்கே பரதவர் பணத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில்தான் அச்சானது என்று ஒரு சாராரும் கொச்சி என்று ஒரு சாராரும் வாதாடுகிறார்கள். அவர் 1600இல் இங்கே இறந்தார், அடக்கம் செய்தது தூத்துக்குடியில். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைமையிடமும் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. 1658இல் டச்சுக்காரன் வந்தான்.

இன்று அங்கே போனால் கோட்டையும் கிடையாது, அச்சகமும் கிடையாது. கோயில், தெருக்கள், படகுகள், அலையாத்திக் காடு, ஏலக்கூச்சல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணி உடைத்துக்கொண்டு வந்தபோது, ஆறு கடலில் சேர்கிற அந்த ஊரைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. வெள்ளம் வடிந்த பிறகு மாமாவைப் பார்க்கப் போனேன்.

மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. 1961 சலாபத்தில் பதினாறு வயசுப் பையனாகக் கயிறு பிடித்தவர். அப்புறம் ரொம்ப காலம் சங்கு குளித்தார். அதில் ஒரு காது போய்விட்டது. லிஸ்பன் கதையைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“செருப்புக்கா வரி வாங்குனா?” என்றார்.

“பேருதான் மாமா செருப்பு. அவ சொந்தச் செலவுக்கு.”

“பேருன்னா சும்மாவா மருமவனே? எங்களப் பூரா காலடியிலதான் வச்சுருந்தான்னு அர்த்தம்.” கொஞ்ச நேரம் கழித்து, “அவன் மட்டுமா” என்றார்.

அந்த ‘அவன் மட்டுமா’ என்பதை விளக்காமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். பரதவருக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று இரண்டு அடுக்கு இருந்தது. தோணியும் கிட்டங்கியும் வைத்திருந்த மேட்டுக்குடி மேசைக்காரர். கடலில் இறங்கியவர்கள் கம்மாரக்காரர். மேசை என்பதும் போர்த்துகீசியச் சொல் என்று மேலே சொன்னேன். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சாதித்தலைவரின் அதிகாரத்தைப் போர்த்துகீசியரும், பிறகு டச்சுக்காரரும், பிறகு இங்கிலீஷ்காரரும் அவரவர் வசதிக்காக உறுதிப்படுத்தினார்கள். மதம் மாறியது சாதியைக் கலைக்கவில்லை, சில விஷயங்களில் இறுக்கியது. பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர் 1806இல் ஓடத் தொடங்கியது யார் செலவில் என்று கேட்டால் உடனே பதில் வரும். வடம் பிடித்தவன் பெயரைக் கேட்டால் வராது.

ஆகவே நாளைக்குத் தூத்துக்குடியில் யாராவது ‘வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி’ என்று கோடு போட்டால் அந்தக் கோடு எங்கே போகும் என்று இப்போதே ஊகிக்கலாம். பனிமய மாதா கோயில் வரும், பீச் ரோட்டில் 1750இல் டச்சுக்காரன் கட்டிய கோயில் வரும், பழைய கம்பெனிக் கட்டடங்கள் வரும், மேசைக்காரர் மாளிகைகள் வரும். திரேஸ்புரம் வராது. வந்தாலும் வண்ணப் படகுகளின் பின்னணியாக வரும். 2018 மே மாதம் போலீஸ் சுட்டுப் பதிமூன்று பேர் செத்த ஊர் இது, அதில் ஒரு சாவு திரேஸ்புரத்தில். அந்தத் தெருவை எந்த வழிகாட்டிப் புத்தகம் குறிக்கும்? பெலேமில் வீடுகளை இடித்தது போல இங்கே இடிக்கத் தேவைகூட இல்லை. படகு நிறுத்துகிற மணலை ‘அழகுபடுத்தினால்’ போதும். ஏலம் போடுகிற இடத்தில் நடைமேடை போட்டால் போதும். ஏற்கனவே மணப்பாட்டு அலைகளையும் சவேரியார் குகையையும் சேர்த்துச் சுற்றுலா பேசுகிறார்கள். பேசட்டும். கட்டுமரத்தைக் கரையேற்ற இடம் உண்டா என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பேசட்டும். கோயிலையோ மாளிகையையோ காப்பாற்ற வேண்டாம் என்பதல்ல என் வாதம். காப்பாற்றுவதற்கு யாரைக் கிளப்புகிறோம், பெயர்ப்பலகையில் எந்த வினைச்சொல்லுக்கு எழுவாய் இல்லாமல் விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

மாமாவிடம் கார்த்தில்யா நகலைக் காட்டினேன். ரோமன் எழுத்து அவருக்குப் படிக்க வராது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். போர்த்துகீசியர் காதில் விழுந்தபடி எழுதிய தமிழ் அது, ஏட்டுத் தமிழ் இல்லை. எங்கே நிறுத்துவது, எது ழ, எது ள என்று தெரியாமல் நான் தடுமாறினேன். கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். நாலாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்படி இல்ல. நீ பொஸ்தகம் மாதிரி வாசிக்க. எங்க ஆச்சி சொல்லுவா பாரு, அப்படிச் சொல்லணும்.”

அவர் சொன்னார். நான் தாளைப் பார்த்தேன். எழுத்து அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது, என் வாய்க்கு இல்லை. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் ரோமன் எழுத்துக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்றரைப் பக்கம் முடிந்தபோது படகு வந்துவிட்டது என்று வெளியே சத்தம் கேட்டது. மாமா எழுந்து ஏலத்துக்குப் போய்விட்டார்.